அப்பாவின் குலமரபுச் சங்கத்தில் பொருளாளர் பதவி: ஏற்கலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 42. சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா தியோச்சூ என்ற சீனப் பிரிவைச் சேர்ந்தவர், அம்மா தமிழர். பள்ளியில் தாய்மொழியாகத் தமிழைத்தான் எடுத்தேன். அப்பா உறுப்பினராக இருந்த சீனக் குலமரபுச் சங்கத்தில் (ஒரே பூர்வீக ஊரையோ குடும்பப்பெயரையோ சேர்ந்தவர்களின் சங்கம்) நானும் உறுப்பினர், ஆனால் புத்தாண்டு விருந்துக்குப் போய்வருவதோடு சரி. இப்போது சங்கத் தலைவர் (அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன்) அடுத்த பொதுக்கூட்டத்தில் என்னைப் பொருளாளராக நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். "சும்மா கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்கிறார். என் மாண்டரின் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். குழுவில் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். நன்கொடை நிறையக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயமும் இருக்கிறது, பார்க்கத் தமிழச்சி மாதிரி இருக்கிற என்னை அங்கே எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. அம்மாவோ, "அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஏற்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போகிற எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது. ஆனால் "சும்மா கையெழுத்து" என்ற அந்தப் பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். சங்கங்களுக்கும் அறநிறுவனங்களுக்கும் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். நான் பார்த்தவரை ஒரு சங்கத்தில் தலைவர் பெயருக்கு இருக்கலாம், கௌரவத் தலைவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் பெயருக்கு இருக்கலாம், பொருளாளர் மட்டும் அப்படி இருக்கவே முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து போகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் பின்னால் உங்கள் கையெழுத்து இருக்கும், நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அங்கிள் சொன்னார் என்பது பதிலாகாது.

அங்கிள் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நிலைமையையும் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தச் சங்கங்கள் செய்யாத வேலை இல்லை. கப்பலிலிருந்து இறங்கியவனுக்குப் படுக்க இடம், ஒரு வேலை, ஊருக்குக் கடிதம் எழுதவும் பணம் அனுப்பவும் உதவி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், செத்துப்போனால் அடக்கம் செய்ய நிலம், எல்லாமே சங்கம்தான். நன்யாங் பல்கலைக்கழகம் எழும்புவதற்கு 1950களில் 500 ஏக்கருக்கும் மேலான நிலத்தைக் கொடுத்தது அரசாங்கம் அல்ல, ஹொக்கியன் மக்களின் சங்கமான ஹொக்கியன் ஹுவே குவான். அப்புறம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகள் வந்தன, அரசாங்கப் பள்ளிகள் வந்தன, மத்திய சேமநிதி வந்தது, சங்கத்திடம் போய் நிற்கவேண்டிய தேவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. 1979-ல் அரசாங்கம் மாண்டரின் பேசுவோம் இயக்கத்தைத் தொடங்கியபிறகு, தியோச்சூவும் ஹொக்கியனும் ஹைனானியமும் தாத்தா பாட்டியோடு நின்றுபோன வீடுகள் ஏராளம், அந்தப் பேச்சுமொழிகள்தானே இந்தச் சங்கங்களின் உயிரே. 1984-ல் குலமரபுச் சங்கங்கள் ஒன்றுகூடி இனி என்ன செய்வது என்று பேசின, 1986-ல் ஏழு பெரிய சங்கங்கள் சேர்ந்து சிங்கப்பூர் சீனக் குலமரபுச் சங்கங்களின் சம்மேளனத்தை அமைத்தன. இளையவர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவரும் கவலை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் தீரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நாற்பதுகளில் இருக்கிற, கணக்குத் தெரிந்த, பழைய உறுப்பினரின் மகள் ஒருத்தி கண்ணில் பட்டால் எந்தத் தலைவர்தான் விடுவார்?

நீங்கள் தியோச்சூ என்பதால் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன், பொருளாளர் ஆகப்போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 1845-ல் சியா யூ சின் முதலியவர்கள் தொடங்கிய நீ ஆன் கொங்சி என்ற அமைப்பு, தியோச்சூ மக்களின் கோயிலையும் இடுகாடுகளையும் நிர்வகித்துவந்தது. பல பத்தாண்டுகள் அது சியா குடும்பத்தின் கையிலேயே இருந்தது. சமூகத்தின் சொத்து, சமூகத்துக்கு அதன் கணக்கு முறையாகத் தெரியாது. 1920களின் கடைசியில் லிம் நீ சூன் (ஈசூன் வட்டாரம் இவர் பெயரைத் தாங்கியதுதான்) தலைமையில் மற்றவர்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்தச் சச்சரவின் ஊடேதான் 1929-ல் தியோச்சூ போய்ட் இப் ஹுவே குவான் என்ற சங்கம் பிறந்தது, 1933-ல் நீ ஆன் கொங்சிக்கென்றே தனிச் சட்டம் போட்டு அதை முறைப்படுத்தவேண்டி வந்தது. சியா குடும்பத்தைத் திருடர்கள் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது, சமூகத்துக்கு அவர்கள் செய்தது நிறைய. ஆனாலும் நல்ல மனிதர்கள், நம்பகமான குடும்பம் என்பதெல்லாம் கணக்குக்கு ஈடாகாது என்று தியோச்சூ சமூகமே அன்று முடிவெடுத்தது. ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதி நிற்கிற இடம் அந்தப் பழைய இடுகாட்டு நிலம்தான். இன்று அந்தச் சொத்தின் வருமானம் கல்விக்கும் நலப்பணிக்கும் போகிறதென்றால், யாரோ சிலர் சங்கடம் பார்க்காமல் கணக்குக் கேட்டதுதான் அதற்கு முதல் காரணம் என்பது என் கருத்து. எனவே அங்கிளிடம் கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகிவிடுமோ என்று நீங்கள் கூச வேண்டியதே இல்லை.

சரி, எதைக் கேட்பது? முதலில் அமைப்பு விதிகள். சீனத்தில் மட்டும் ஒரு பழைய புத்தகத்தை நீட்டுவார்கள், அது போதாது. சங்கங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான சங்கப் பதிவகத்தில் ஏற்கப்பட்டிருக்கிற, கடைசியாகத் திருத்தப்பட்ட பிரதி வேண்டும் என்று கேளுங்கள், ஏனென்றால் பதிவகத்தின் ஒப்புதல் இல்லாமல் செய்த திருத்தம் செல்லாது. சில இடங்களில் பொதுக்கூட்டத்தில் கைதட்டித் திருத்திவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதில் உங்கள் பதவிக்கான விதியைத் தேடுங்கள். கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம், எவ்வளவு தொகைவரை செயற்குழுவே செலவழிக்கலாம், எதற்குமேல் பொதுக்கூட்டம் வேண்டும், வங்கிக்கு யார் யார் கையெழுத்து என்பதெல்லாம் அங்கே இருக்கும். பதிவகத்தின் மாதிரி விதிகளைப் பின்பற்றும் சங்கமாக இருந்தால் இன்னொன்றும் இருக்கும்: மற்றப் பொறுப்பாளர்கள் தொடர்ந்து அதே பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம், பொருளாளர் மட்டும் முடியாது. இந்த விதி உங்கள் நல்லதுக்குத்தான், நீங்கள் ஆயுள்பொருளாளர் ஆகிவிடாமல் அது காப்பாற்றும். அங்கே ஒரே ஆள் நீண்டகாலமாகப் பொருளாளராக இருந்துவந்திருந்தால், அது எப்படி நடந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். சங்கம் அறநிறுவனமாகவும் பதிவாகியிருந்தால் அறநிறுவன ஆணையரின் கீழ் வரும், அங்கேயும் நிர்வாக நெறிமுறை பொருளாளருக்குத் தொடர்ந்து 4 ஆண்டுகள் என்றுதான் வரம்பு சொல்கிறது.

அடுத்தது பணம். கடைசி மூன்று வருடக் கணக்கையும், அதோடு வங்கி அனுப்பிய அறிக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கு அறிக்கையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை, அது நாம் எழுதுவது, வங்கி அறிக்கைதான் வெளியாள் எழுதுவது. வருட வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவுபெற்ற பொதுக் கணக்காளர் தணிக்கை செய்தாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் செயற்குழுவில் இல்லாத உறுப்பினர்கள் இரண்டு பேரைக் கௌரவத் தணிக்கையாளர்களாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த இரண்டு பேர் யார் என்று விசாரியுங்கள், முடிந்தால் அவர்களோடு ஒரு காப்பி குடியுங்கள். அவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியுமா, அல்லது அவர்களும் "சும்மா கையெழுத்து" ஆட்கள்தானா என்பது பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, எல்லோரும் மறந்துபோகிற விஷயம், சொத்து. உங்கள் சங்கத்துக்குச் சொந்தமாகக் கடைவீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சங்கங்கள் பலவற்றுக்கு இருக்கும்: கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே மூதாதையர் பெயர் பொறித்த பலகைகளையும் கூட்ட அறையையும் வைத்திருப்பார்கள், அந்த வாடகைதான் சங்கத்தையே நடத்தும். ஆனால் சாதாரணப் பதிவுச் சங்கத்தின் அசையாச் சொத்து அறங்காவலர்களின் பெயரில்தான் இருக்கும், மாதிரி விதிப்படி இரண்டுக்குக் குறையாமல் நான்குக்கு மிகாமல். அந்த அறங்காவலர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்களா? இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். ஒருவர் இறந்து, இன்னொருவர் நினைவு தப்பி முதியோர் இல்லத்தில் இருந்தால், கூரை ஒழுகினால்கூடக் கடன் வாங்கவோ குத்தகையைப் புதுப்பிக்கவோ முடியாமல் சங்கம் திண்டாடும், கடைசியில் வழக்கறிஞர் செலவில் போய் முடியும். புதிய அறங்காவலர்களை நியமிப்பதற்குப் பொதுக்கூட்டம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை வேண்டும் (மாதிரி விதியில் வாக்குள்ள உறுப்பினர்களில் கால்வாசி அல்லது 30 பேர், எது குறைவோ அது). ஆள் சேராவிட்டால் அரை மணி நேரம் தள்ளிவைத்து வந்தவர்களை வைத்தே நடத்தலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் அமைப்பு விதியைத் திருத்த முடியாது. உறுப்பினர்கள் எண்பதைத் தொடத் தொடங்கிவிட்ட சங்கங்கள் பல இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

மரண உதவி நிதி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு போட்டுக் குடும்பத்துக்குக் கொடுப்பது, அல்லது சந்தா வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து கொடுப்பது. தொடங்கிய காலத்தில் அருமையான ஏற்பாடு, அநாதைப் பிணமாகப் போய்விடுவோமோ என்று பயந்த கூலித்தொழிலாளிகளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இல்லை. ஆனால் புதிதாக யாரும் சேராமல் இருப்பவர்களுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போனால், போடுகிறவர்கள் குறைவார்கள், கொடுக்கவேண்டியது கூடும், ஒரு கட்டத்தில் கடைசியாக இருப்பவர்கள் வாழ்நாள் முழுதும் கட்டிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்பார்கள். இந்த மாதிரி பரஸ்பர உதவி அமைப்புகளுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. உங்கள் சங்கத்தில் இது இருந்து, எதிர்காலக் கணக்கு எதுவும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை என்றால், நீங்கள் பதவிக்கு வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான். நன்கொடை, விருந்து, சுற்றுலா எல்லாம் அதற்கு அப்புறம்.

விருந்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாத விருந்திலோ வேறு கொண்டாட்டத்திலோ மங்கலப் பொருள்களை ஏலம் விடுகிற வழக்கம் இருந்தால், ஏலம் எடுத்தவர் பணத்தை அடுத்த வருடம்தான் கொடுப்பார். அது அவர்களுக்குள் வாக்கு, பெரும்பாலும் நாணயமாக நடப்பதுதான். ஆனால் உங்கள் கணக்கில் அது வரவு அல்ல, வரவேண்டியது. இன்னாருக்கு இவ்வளவு என்று அன்றிரவே எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேசையில் வந்து குவிகிற, பணம் வைத்த சிவப்பு உறைகளையும் தனியாக வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணாதீர்கள், அங்கேயே இன்னொருவரை வைத்துக்கொண்டு எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, மறுநாளே வங்கியில் கட்டிவிடுங்கள். உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனாலும் பின்னால் ஒருவர் வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டுப் புத்தகம்தான் உங்களுக்காகப் பேசும்.

மாண்டரின் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய தடையில்லை என்பேன். பதிவகத்துக்குப் போகிற ஆண்டறிக்கை ஆங்கிலத்தில்தான், வங்கியும் ஆங்கிலம்தான். கூட்டம்தான் சிக்கல், பாதி மாண்டரின் பாதி தியோச்சூ என்று ஓடும், சிரிப்பார்கள், நீங்கள் முழிப்பீர்கள். நிகழ்ச்சிநிரலையும் முந்தைய கூட்டக் குறிப்பையும் ஒரு வாரம் முன்னாடியே அனுப்பச் சொல்லுங்கள், வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு படித்துவிட்டுப் போனால் பாதிக் கஷ்டம் தீரும். அதைவிட முக்கியம், கூட்டத்தின் முடிவில் எடுத்த தீர்மானங்களை மட்டும் அரைப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும், அதில் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பதை உங்கள் நிபந்தனையாக வையுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆறாவது கூட்டத்தில் சொன்னால் திடீரென்று என்ன சந்தேகம் என்று தோன்றும்.

பொறுப்பு எவ்வளவு தூரம் உங்கள் தலையில் விழும் என்பது சங்கத்தின் வடிவத்தைப் பொறுத்தது. சில பெரிய சங்கங்கள் உத்தரவாத வரம்புக் கம்பெனியாக (உறுப்பினர்களின் பொறுப்பு அவர்கள் உத்தரவாதம் தந்த தொகையோடு நின்றுவிடும் கம்பெனி) பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலானவை வெறும் பதிவுச் சங்கங்கள். கம்பெனிக்கு இருக்கிற வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற கவசம் பதிவுச் சங்கத்துக்கு அப்படியே கிடையாது. அதனால் கட்டடப் பழுதுபார்ப்போ விருந்து முன்பணமோ, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதானாலும் அதற்கு முன்பே செயற்குழுத் தீர்மானம் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும். காசோலையில் உங்களோடு இன்னொரு கையெழுத்து, இணைய வங்கி என்றால் ஒருவர் பதிய இன்னொருவர் அனுமதிப்பது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்பார்கள், "நீ வேலைக்குப் போகிறாய், உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே" என்று பாசமாகத்தான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

நன்கொடை விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். கௌரவத் தலைவர், கௌரவ ஆலோசகர் பட்டங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் நன்கொடை இருக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு, அதில் தப்பும் இல்லை. வேலை செய்கிற பொருளாளரிடம் அந்த அளவு எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் ஆண்டுவிழாவில் ஒரு மேசை எடுப்பீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள், மாணவர் ஊக்கத்தொகைக்கு ஏதாவது கொடுப்பீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள். வருடத்துக்கு உங்களால் எவ்வளவு முடியும் என்று வீட்டில் பேசி முடிவுசெய்து, அதை அங்கிளிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். "என்னால் நேரம் கொடுக்க முடியும், பணம் இவ்வளவுதான் முடியும்" என்று நேராகச் சொன்னால் அவர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதுவும் நல்லதுதான், பதவி ஏற்கும் முன்பே தெரிந்துவிட்டதே.

தமிழச்சி மாதிரி இருக்கிற என்னை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த வரி இதுதான். முதலில், உங்கள் உரிமை உங்கள் முகத்தைப் பொறுத்தது அல்ல, அமைப்பு விதியில் இருக்கிற உறுப்பினர் தகுதியைப் பொறுத்தது. உங்களை உறுப்பினராக ஏற்று ரசீது கொடுத்திருக்கிறார்கள், அந்த அறையில் இருக்கிற யாருக்கும் நீங்கள் குறைந்தவர் இல்லை. இரண்டாவது, "ஏன் என்னை?" என்று அங்கிளிடம் கேளுங்கள். கணக்குத் தெரிந்த ஆள் தேவை என்றால் சரி. சங்கம் பல இனத்தவரையும் அரவணைக்கிறது என்று காட்ட, அமைச்சர் வரும்போது முன்வரிசையில் நிறுத்தி ஒரு படம் எடுக்க என்றால், அந்த வேலைக்குப் பொருளாளர் பதவி எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் சிலர் உங்களிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவார்கள், சிலர் யாருடைய விருந்தாளி என்று கேட்பார்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கை ஒழுங்காகக் கொடுக்கிற ஆளிடம் வயதானவர்கள் காட்டுகிற மரியாதை தனி, அது நம் கோயில் நிர்வாகக் குழுக்களிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். தெலுக் ஆயர் சாலையில் தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயிலுக்குச் சில அடி தூரத்தில் தமிழ் முஸ்லிம்களின் நாகூர் தர்கா நிற்கிறது, இரண்டும் 1820களுக்கும் 1840களுக்கும் இடையில் கடலோரத்தில் எழுந்தவை. சீனரும் தமிழரும் இந்த ஊரில் அப்போதிலிருந்தே அக்கம்பக்கம்தான், நீங்கள் ஒரே வீட்டுக்குள் அப்படி வளர்ந்தவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீனாவோடு தொடர்பு பற்றியும் ஒரு வார்த்தை. பூர்வீக ஊர்ச் சங்கங்களோடு போக்குவரத்து, அங்கிருந்து அழைப்பு, சில சமயம் செலவை அவர்களே ஏற்கிற பயணம், இதெல்லாம் வரும். பூர்வீகத்தைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு, உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும். ஆனால் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்க 2021-ல் ஒரு சட்டம் வந்தது, 2025-ல் நிறைவேறிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இனம் சார்ந்த அமைப்புகள் பெறும் வெளிநாட்டு நன்கொடை, அவற்றின் தலைமைப் பொறுப்புகளில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கிறது. வெளியிலிருந்து வருகிற எந்தப் பணத்தையும், பயணச் செலவையும், யார் கொடுத்தது, எதற்கு என்று எழுதாமல் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர் என்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

என் யோசனை இது. பொதுக்கூட்டத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தால், அதுவரை துணைப் பொருளாளராகவோ வெறும் செயற்குழு உறுப்பினராகவோ உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், விதியில் இடம் இருக்கும். இப்போதைய பொருளாளரோடு உட்கார்ந்து மாதக் கணக்கை இரண்டு மூன்று தடவை முடித்துப் பாருங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டாலோ, நான் சொன்ன ஆவணங்களை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே போனாலோ, உறுப்பினராக மட்டும் இருந்துவிடுங்கள், அப்பாவுக்கு அதில் ஒன்றும் குறை வராது. தாராளமாகக் காட்டினால், தவறுகள் இருந்தாலும் பரவாயில்லை, ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய கணக்குகளில் தவறு இல்லாத சங்கம் அபூர்வம், திறந்துகாட்டுகிற மனம் இருந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம்.

பதவி ஏற்கும் நாளன்று, வங்கி இருப்பு, நிலையான வைப்புகள், பாதுகாப்புப் பெட்டகச் சாவி, சொத்துப் பத்திரம், வரவேண்டிய தொகைகள் எல்லாம் போட்ட ஒப்படைப்புப் பட்டியலில் பழைய பொருளாளரும் நீங்களும் தலைவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகும் நாளிலும் இதே பட்டியலை அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், வங்கியில் உங்கள் கையெழுத்தை நீக்கிவிட்டதற்கான கடிதம் கைக்கு வரும்வரை விலகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அமைப்பு விதியின் ஆங்கிலப் பிரதி கிடைத்ததும், பொருளாளர், அறங்காவலர், மரண உதவி நிதி பற்றிய விதிகளைச் சங்கத்தின் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.